இரண்டும் வெள்ளை

9 ஜூன் 2025, திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது. மேலகரத்தில் எங்கள் மாடிக் கொடியில் நேற்று போட்ட சேலை இன்றும் ஈரம். குற்றாலம் போகும் வண்டிகள் காலையிலிருந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே போகின்றன.

அம்மாவின் கழுத்துக் கட்டிக்கு ரிப்போர்ட் வந்தது. தைராய்டு. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதியிருக்கிறது. அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் தென்காசி டாக்டர். அம்மா ரிப்போர்ட்டை வாங்கி நாலாக மடித்து, டி.வி.க்கு மேல் மாட்டியிருக்கும் அப்பா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

அங்கே வைத்தால் அவர் படித்துக்கொள்வார் என்பதுபோல.

11 ஜூன்

அம்மா அப்பா படத்தைத் துடைத்தாள், ரிப்போர்ட்டை எடுக்கவில்லை. நானும்.

16 ஜூன், திங்கள்

கல்லூரி திறந்தது. கௌரவ விரிவுரையாளர் என்று அடையாள அட்டை. இந்தப் பருவத்தில் எனக்குத் தந்த தாள் 'தர்க்கமும் சிந்தனையும்'. பி.காம். பிள்ளைகளுக்கு வாரம் மூன்று மணி நேரம். சென்னையில் நான் படித்த தத்துவத்தில் இந்த ஊருக்குத் தேவைப்பட்ட பங்கு அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் ஒலி முகம்மது எழுந்து கேட்டான். "மிஸ், இதப் படிச்சா என்ன வேலை மிஸ் கிடைக்கும்?"

"வேலை கிடைக்காது. யாரும் உன்னை ஏமாத்த முடியாது."

"அப்ப நாம ஏமாத்தலாமா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுத ஒன்றும் இல்லை. தேதியை இன்னொரு முறை எழுதினேன்.

17 ஜூன்

"பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள் அம்மா. கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டே, கறிவேப்பிலை வாங்கணும் என்பதுபோல. "ஆடி அமாவாச கழியட்டும். நம்ம சாஸ்தாட்ட கேப்போம். வெள்ளை வந்தா ஆப்பரேசன். சிவப்பு வந்தா சவத்த விடு, இருக்க வரைக்கும் இருந்துட்டுப் போவோம்."

"அம்மா, இது கேன்சரா இருக்கலாம்."

"அதத்தானட்டி கேக்கப் போறோம்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீயே கட்டு. போன தடவையும் உன் கைதான. சாமி பொய் சொல்லல. போவச் சொல்லிச்சு, போனாவ. அவிய நேரம் அங்கன முடியணும்னு இருந்திருக்கு. அப்படி நெனைக்கப் போய்த்தான் எனக்குத் தூக்கமாவது வருது."

எழுதிவிடுகிறேன். பத்து மாதமாக எங்கும் எழுதாதது.

போன வருடம் ஜூலை. அப்பாவுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்யணும், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றார் திருநெல்வேலி டாக்டர். அப்பாவால் முடிவெடுக்க முடியவில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பத்துநாலு வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவர். படுக்கைக்குப் பயந்தார். கீழப்பாவூர்ப் பக்கம் குளக்கரையில் இருக்கும் எங்கள் குலதெய்வம் சாஸ்தாவிடம் கேட்பது என்று ஆயிற்று.

ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. தொட்டால் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் அரளி. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் வைக்க வேண்டும். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காததைப் பிரிக்காமல் குளத்தில் போட்டுவிட வேண்டும்.

யார் கட்டுவது என்று கேட்டார் பூசாரி மாரி அண்ணாச்சி. எந்தப் பக்கமும் ஆசை இல்லாத கையாக இருக்க வேண்டும்.

அப்பா சிரித்தார். "எம் மவ கட்டட்டும். அவளுக்குத்தான் சாமியே கிடையாதே. ரெண்டு பக்கமும் சாயமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

கோவிலுக்குப் பின்னால் போனேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தேன். கூடுதலாக ஒரு வெள்ளைப் பூ தட்டில் இருந்தது. செவ்வரளியை ஈர மண்ணில் போட்டுச் செருப்பால் தள்ளினேன்.

சாமி இல்லையென்றால் பூ என்பது பாதிக்குப் பாதி. தொண்ணூற்றாறைக் கொண்டுபோய்ப் பாதிக்குப் பாதியிடம் கொடுக்க முடியாது. அவ்வளவு தெளிவாக இருந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பாவே எடுத்தார். வெள்ளை. அம்மா அழுதாள். மற்றப் பொட்டலத்தை "நான் குளத்துல போட்டுருதேன்" என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் ஏழு அறுவை. பத்தாம் தேதி காலை இறந்துபோனார். கண் விழிக்கவேயில்லை.

18 ஜூன்

முடிவு வேறு, விளைவு வேறு. இதை நானே பாடமாக எடுக்கிறேன். கையில் இருந்த தகவலுக்குச் சரியான முடிவு மோசமாகவும் முடியலாம். மிச்ச நான்கு பேர் என்று யாராவது இருந்தாக வேண்டும். அதில் ஒருவர் அப்பா.

அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

சமையலறை மேஜை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய டெஸ்டர் உருண்டு முன்னால் வந்து முட்டுகிறது. மெயினை அணைத்திருந்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வயரையும் தொடமாட்டார். "கரண்ட் இல்லைன்னு நீ சொன்னாப் போதுமா? வயரு சொல்லணும்." டெஸ்டரை எடுத்து பீரோவில் வைத்தேன். இழுப்பறையைத் திறந்தால் இன்னும் உருளும் சத்தம் கேட்கிறது.

21 ஜூன்

அம்மா போனில் அத்தையிடம் பழைய குறை: "ஆப்பரேசனுக்கு முந்துன நாள் சாயங்காலம் ஆளக் காணோம். போய்ப் பாத்தா ஆஸ்பத்திரி முன்னால பைபாஸ் ரோட்டு நடுவுல செடிகிட்ட போயி நிக்காவ. லாரியா வருது. காத்தாட வந்தேங்காவ. அந்த நெஞ்ச வச்சுக்கிட்டு!"

சொல்லும்போது சிரிக்கிறாள். பிறகு மூக்கைச் சிந்துகிறாள்.

27 ஜூன்

ஜெபமலரிடம் சொல்லிவிட்டேன். கல்லூரிக் கேண்டீனில். ஆங்கிலத் துறை, ஞாயிறு தவறாமல் சர்ச். அவளிடம் போய்ச் சொன்னேன்.

"சாமிட்ட நீ பண்ணது தப்பே இல்லட்டி" என்றாள். "உன் கணக்குப்படி அங்கன ஆளே கிடையாதுல்லா. கோவிச்சுக்க யாரு இருக்கா? ஆனா மத்த ஆளுங்க இருந்தாங்கல்லா. உங்கப்பா நின்னாருல்லா."

"பூ தப்பாச் சொல்லியிருந்தா?"

"சொல்லட்டும். அவரு நெஞ்சு. அதத் திறக்கவா வேண்டாமான்னு அவரு எப்படி வேணா முடிவு பண்ணுவாரு. பூவ வச்சுப் பண்ணுவாரு, காச சுண்டிப் பண்ணுவாரு." என் தட்டைப் பார்த்தாள். "அந்த வடை வேண்டாம்னா இங்க தள்ளு."

தள்ளினேன். என்னைவிட அவள் சரியாக வாதிட்டாள். வாயில் வடையோடு.

3 ஜூலை, வியாழன்

ஈரத்துக்குத் துணியெல்லாம் பூசணம் பிடிக்கிறது என்று அம்மா பீரோவை ஒழித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை. பத்து மாதமாக யாரும் திறக்காதது.

"ஏட்டி, இங்கன வா."

அப்பாவின் கண்ணாடிக் கூடு. கண்ணாடிக்குக் கீழே வாழையிலைப் பொட்டலம், சுருட்டுப்போல் காய்ந்து.

"குளத்துல போடாம இத வச்சுக்கிட்டு இருந்திருக்காவ பாரு."

வேண்டாம்மா என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பிரித்துவிட்டாள். இலை சுருங்கியிருந்ததால் நார் அறுபடாமல் கட்டோடு மோதிரம்போலக் கழன்று விழுந்தது.

உள்ளே சிவப்பு.

காய்ந்த வற்றல் மிளகாய்த் தோலின் நிறம். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியா. அதுல வெள்ளை, இதுல சிவப்பு. சரியாத்தான் சொல்லியிருக்காரு சாஸ்தா."

நான் பூவை அவள் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

4 ஜூலை

நான் வைத்தது வெள்ளை.

5 ஜூலை

நான் வைத்தது வெள்ளை. இரண்டிலும்.

செங்கோட்டைப் பேருந்தில் போகும்போது மேகம் விலகிப் பண்பொழி மலை முருகன் கோவில் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இல்லாத ஒருவரிடமிருந்து எதற்கு முகத்தைத் திருப்ப வேண்டும்?

7 ஜூலை, திங்கள்

விடுப்பு சொல்லிவிட்டேன். பயத்தோடு உட்கார்ந்திருப்பதைவிட வேலை பார்ப்பது மேல்.

வெள்ளரளி காய்ந்தால் சிவக்குமா? தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலிலிருந்து நாலு வெள்ளரளி, நாலு செவ்வரளி பறித்து வந்தேன். இந்தச் சாரலில் எதுவும் காயாது. பழைய தினசரிக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். "பூவுக்குப் போயி இஸ்திரி போடுத" என்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வெள்ளை, ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்தது. அதைத் தாண்டவில்லை. சிவப்பு மட்டும்தான் அந்த மிளகாய்த் தோல் நிறத்துக்குப் போகிறது.

அப்படியானால் நினைவு தவறா? மனிதர் தம் நினைவை எப்படித் திருத்தி எழுதிக்கொள்கிறார்கள் என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். என் நினைவையும் நம்பக் கூடாது. ஆனால் செருப்பின் நுனி இருக்கிறது. ஈர மண், அதில் இதழ் மடங்கியது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினேன், அம்மா ஏன் என்று கேட்டாள். அவள் கேட்டதை நான் கற்பனை செய்திருக்க முடியாது. இன்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். "ஆமா, சேறாக்கிட்டு வந்தியே." அவளுக்கும் நினைவிருக்கிறது.

ஆக, வெள்ளைதான் வைத்தேன். யாரோ மாற்றியிருக்க வேண்டும். அல்லது

அந்த 'அல்லது'க்குப் பிறகு கை ஓடவில்லை.

9 ஜூலை

நார். இரண்டு நாளாகப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாரைப் பார்க்கவில்லை.

நான் முடிந்தால் இரண்டு முடிச்சு, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எப்போதும் அப்படித்தான். இந்த நாரில் முடிச்சே இல்லை. இரண்டு முறுக்கு, நுனியை உள்ளே செருகல். கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். மாடிக் கொடி இரண்டு முறுக்கு, உள்ளே செருகல். பழைய காலண்டர் கட்டு. கேட்டின் உடைந்த கொண்டி. தண்ணீர் மோட்டாரின் வயர். அவர் கட்டிய எதிலும் நுனி வெளியே தெரியாது. நுனி தெரிந்தால் கையைக் கிழிக்கும் என்பார்.

பிறகு இந்த நோட்டில் 21 ஜூன் பக்கத்தைத் திருப்பினேன். பைபாஸ் ரோட்டின் நடுவே, செடிகிட்ட. அந்தச் சாலையின் நடுவில் என்ன செடி வைத்திருக்கிறார்கள் என்று திருநெல்வேலி போன எல்லாருக்கும் தெரியும். கிலோமீட்டர் கணக்கில் செவ்வரளி.

அதிசயம் இல்லை. அப்பா.

டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் சொன்னால் போதுமா, வயர் சொல்ல வேண்டும். பிரித்தார், வெள்ளை. அவர் எடுத்ததும் வெள்ளை. யார் கட்டியது என்று யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. ஒன்றும் சொல்லவில்லை. லாரிகளுக்கு நடுவே போய் ஒரு சிவப்பைப் பறித்து, வெள்ளையை எறிந்துவிட்டு, தன் கையால் கட்டி, கண்ணாடிக் கூட்டில் வைத்தார். அம்மா என்றைக்காவது பிரித்தால் சரியாக இருக்கட்டும் என்று.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டது: "மெயின அணைச்சுட்டுத்தான வந்த?"

"ஆமாப்பா."

தலையை ஆட்டினார். உள்ளே கொண்டுபோனார்கள்.

10 ஜூலை

ஏன் போனார்?

நான் நம்பிய எண்ணை அவரும் நம்பினாரா? அப்படியென்றால் அது அவர் முடிவு. சாமி இல்லாமல், தானாக, ஒரு மனிதனாக எடுத்தது. நான் எப்போதும் அவரிடம் வேண்டியது அதுதான்.

அல்லது, வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும். அத்தனை பேர் முன்னால் மகளைச் சொல்ல வேண்டிவரும். அதற்காகப் போனாரா?

நாரின் முறுக்கு இதைச் சொல்லாது. எந்தச் சோதனையும் சொல்லாது. பேயை நம்பாதவர்களுக்குப் பேய் வராது என்கிறார்கள். எனக்கு வருவது ஒரு கேள்விதான். கேள்வி கதவு தட்டுவதில்லை. பல் தேய்க்கும்போது பக்கத்தில் நிற்கிறது.

14 ஜூலை

அம்மா மாரி அண்ணாச்சிக்குப் போன் போட்டு நாள் குறித்துவிட்டாள். ஆடி அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு.

இந்த முறையும் இரண்டு வெள்ளை வைக்கலாம். கை பழகிவிட்டது. நியாயமாகக் கட்டினால் பாதி வாய்ப்பு சிவப்பு, அம்மா அந்தக் கழுத்தோடு இருந்துவிடுவாள். இரண்டு வெள்ளை வைத்தால் பிழைக்கலாம். பிழைத்துவிட்டால் நான் என்ன ஆவேன்? ஆயுள் முழுக்க அவளுக்கு சாமியாக இருப்பேன்.

சொன்னாலோ, அப்பா சாவுக்கு அவளிடம் இருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்குவேன். அதோடு, இனி எந்த டாக்டரிடமும் என்னோடு வரமாட்டாள்.

வகுப்பில் இன்று 'இரண்டு கொம்புள்ள வாதம்', எந்தப் பக்கம் போனாலும் குத்துவது. மூன்றாவது வழி இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும் என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் கொட்டியது. கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. குளிக்க விடவில்லை. கரையில் வரிசையாகத் தர்ப்பணம். சித்தப்பா மகன் புவனேஷ் ஈர வேட்டியோடு உட்கார்ந்து அப்பா பெயரைச் சொன்னான். சிவனணைந்தபெருமாள். ஐயர் அவசரத்தில் பாதியை விழுங்கினார்.

அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சாரல். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"என்னது?" என்றாள். அருவிச் சத்தம்.

மறுபடி சொன்னேன். காதருகில் கையை வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் யாரிடமும் முணுமுணுக்கக்கூட முடியாத ஒன்றை, ஆயிரம் பேர் நடுவே கத்த வேண்டியிருந்தது. "ரெண்டுலயும் வெள்ளைதாம்மா வச்சேன்! போன வருசம்! ரெண்டுலயும்!"

பக்கத்துப் படியில் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்தச் சிவப்பு?"

"அப்பா மாத்தி வச்சது. ஆஸ்பத்திரில வச்சு." நாரைக் காட்டினேன். பர்ஸில் வைத்திருந்தேன். அவள் அதை வாங்கி விரலில் உருட்டினாள். அந்த முறுக்கை அவளுக்குத் தெரியாதா. முப்பது வருடம் அவர் கட்டியதை அவிழ்த்தவள்.

"அவியளுக்குத் தெரியும்" என்றாள். என்னிடம் இல்லை.

புவனேஷ் எழுந்து வந்தான். "பெரியம்மை, முடிஞ்சிட்டு."

"வா. பஸ்சு போயிரும்."

பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலி. அம்மா முன்னால் போய், தெரியாத ஒருத்தியோடு உட்கார்ந்துகொண்டாள்.

25 ஜூலை

சோறு வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

27 ஜூலை, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. மாரி அண்ணாச்சி போன் செய்தார். "வரல அண்ணாச்சி, முடியல" என்று மட்டும் சொன்னாள்.

29 ஜூலை

"தூக்கம் போச்சுட்டி." இன்று முழுக்க என்னிடம் சொன்னது இந்த ஒன்றுதான்.

5 ஆகஸ்ட்

அடுக்களையிலிருந்து, என்னைப் பார்க்காமல்: "தொண்ணூத்தாறு தொண்ணூத்தாறுன்னியே. மிச்சம் நாலு பேரு யாருன்னு முன்னாலயே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"பெறகு அது என்ன கணக்கு?"

"நமக்கு எவ்வளவு தெரியாதுங்கறதச் சொல்லுத கணக்கு."

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. "இத அவியட்ட இப்படிச் சொன்னியா?"

"இல்ல."

"என்ன சொன்ன?"

"போலாம்ப்பா, ஒண்ணும் ஆவாதுன்னேன்."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அந்த 'ஒண்ணும் ஆவாது' தொண்ணூற்றாறு இல்லை, நூறு. நான்தான் அதைச் சொன்னேன். பூவைவிடப் பெரிய பொய் அது. எழுதும்போதுதான் தெரிகிறது.

10 ஆகஸ்ட்

ஒரு வருடம். நார் என்னிடம் இல்லை, அம்மா திருப்பித் தரவில்லை. கேட்கவில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

திருநெல்வேலி. வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். ஆனால் அதே பைபாஸ் ரோடு. ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள். நடுவே அரளி போய்க்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே வந்தாள்.

டோக்கன் எண் கூப்பிட்டதும் எழுந்தேன். என் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

"நீ வெளிய இரு. நான் கேட்டுக்கிடுதேன்."

"அம்மா, அவங்க சொல்லுதது உங்களுக்கு—"

"புரியலைன்னா திரும்பக் கேப்பேன். வாயி இருக்குல்லா."

பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அப்பாவுடையது. அதற்குள் தினசரிக் காலண்டர்த் தாள் ஒன்று, பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, வரி வரியாக எண் போட்டு. எத்தனை நாளாக எழுதினாள் என்று தெரியவில்லை. என்னிடம் காட்டவில்லை.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. குரல் கேட்டது, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல.

"நூத்துக்கு எத்தன பேருக்கு சார் குரல் போவும்?"

டாக்டர் ஏதோ சொன்னார்.

"சரி சார். எழுதிக்கிடுதேன்." கொஞ்ச நேரம் பேனா. "இது கேன்சராவே இல்லாம இருக்கதுக்கு எத்தன?"

மறுபடி பேனா.

"கடைசி ஒண்ணு சார். இத வேண்டாம்னு அப்படியே விட்டுட்டா? அதுல நூத்துக்கு எத்தன பேரு நல்லா இருக்காங்க?"



போன வருடம் தொண்ணூற்றாறை நான் பூவோடு ஒப்பிட்டேன். பாதிக்குப் பாதியோடு. அறுவையே செய்யாமல், மாத்திரையோடு, அப்படியே விட்டிருந்தால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. எந்தக் கணக்கிலும் முதலில் கேட்க வேண்டிய எண் அது. தர்க்கம் படித்தவள் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

நர்ஸ் வந்து கதவைச் சாத்தினாள். டாக்டர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.